அக்கா மண்டைதீவுக்குப் போன நாள்

எங்கள் அக்கா புளியங்கூடலில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அம்மா சுகமில்லாமற் படுத்தபின் எங்களுக்குச் சமைத்து ஊட்டிப் பள்ளிக்கு அனுப்பியவர் அவரே. கலியாணமாகிச் சிறிது காலத்தில் அத்தான் வெளிநாடு சென்றார். அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருப்பது ஊருக்கு முதலில் தெரிந்தது. அக்காவுக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. அதன்பின் அவர் கோயில் திருவிழாவுக்கும் போகவில்லை, கலியாண வீடுகளுக்கும் போகவில்லை. யாராவது படலையைத் திறந்தால் குசினிக்குள் போய்விடுவார். அவர் செய்த தவறு எதுவுமில்லை. வெட்கம் மட்டும் அவரையே பிடித்துக்கொண்டது.

மண்கும்பானிலிருந்து நான் கொண்டுவந்து விட்ட வான்கோழிச் சோடிதான் அவரைப் பின்வளவுக்காவது வரவைத்தது. வான்கோழிக் குஞ்சுகளுக்குத் தாமாக இரை பொறுக்கத் தெரியாது, பட்டினியிலேயே செத்துப்போகும். அக்கா சில கோழிக் குஞ்சுகளை அவற்றோடு விட்டார். அவை கொத்துவதைப் பார்த்து இவையும் கொத்தின. வளவு நிறைந்தது.

"குஞ்சுகள் வளர்ந்தாப்பிறகு கோழியளோடை விடாதேங்கோ. கோழியிலை இருந்து வான்கோழிக்கு வருத்தம் தொத்தும்" என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். இடையில் வேலி அடைக்கவேண்டுமென்று அக்காவும் சொல்லிக்கொண்டே இருந்தார். அடைக்கவில்லை.

மண்டைதீவிலிருந்து ஒரு கத்தோலிக்க அம்மா வந்து, மகளின் கலியாண விருந்துக்கு வளர்க்கவென்று குஞ்சுகள் வாங்கிப்போனார். சில கிழமைகளில் எங்கள் வளவுக் குஞ்சுகள் தலையைத் தொங்கப்போட்டு, மஞ்சளாய்க் கழிந்து, ஒவ்வொன்றாகச் செத்தன.

"தம்பி, என்னை மண்டைதீவுக்குக் கூட்டிக்கொண்டு போ" என்றார் அக்கா.

"போன் எடுத்துச் சொல்லுவம், அக்கா."

"ஏலாது. முகத்தைப் பார்த்துச் சொல்லவேணும்."

வருடக்கணக்கில் தாண்டாத படலையை அன்று தாண்டினார். மோட்டார் சைக்கிளில் வழிநெடுகச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடியிருந்தார்.

அங்கேயும் குஞ்சுகள் செத்திருந்தன. முற்றத்தில் நின்றபடியே அக்கா, "வருத்தம் என்ரை வளவிலை இருந்து வந்தது. வேலி அடைக்கச் சொன்னவை, நான் அடைக்கேல்லை. என்ரை பிழை" என்றார்.

அந்த அம்மா, "நான் என்ரை மகளையெல்லோ பேசிப்போட்டன், ஒழுங்காய்ப் பாக்கேல்லையெண்டு. நேற்றிலை இருந்து சாப்பிடாமல் கிடக்கிறாள்" என்று சொல்லி மகளைக் கூப்பிட்டார். அழுது வீங்கிய முகத்தோடு வந்த பிள்ளையின் கையைப் பிடித்து, "உம்மிலை ஒரு பிழையும் இல்லை, பிள்ளை" என்றார் அக்கா.

அந்தப் பிள்ளை கேட்டதற்காகவே அக்கா அந்தக் கலியாணத்துக்குப் போனார். விருந்தில் வான்கோழி இல்லை. தலை நிமிராமலே சாப்பிட்டு வந்து, அந்தக் கிழமையே வேலி அடைப்பித்தார். அதன்பின் குஞ்சு கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் இதை முழுதாகச் சொன்ன பிறகுதான் கொடுப்பார். கேட்டுவிட்டு வாங்காமற் போனவர்களும் உண்டு.

அக்கா நோயுற்றபோது மண்டைதீவிலிருந்து வந்து வைத்தியசாலையில் துணை நின்றவர் அந்த மகளே. அவருக்கும், உணவு கொண்டுவந்த அயலவருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உறவினர், நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

இன்னொருவருக்கும் சொல்லவேண்டியது உண்டு. கடைசி நாட்களில் அக்கா என்னிடம், "வருத்தம் வந்த அந்தமுறை றோட்டாலை போன ஒரு மனிசியும் வான்கோழிச் சத்தம் கேட்டு வந்து ஒரு சோடிக் குஞ்சு வாங்கினவ. ஆர், எவடமெண்டு கேக்காமல் விட்டிட்டன், தம்பி" என்றார். விசாரித்தோம், கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த நினைவு மலர் அவர் கைக்கு எட்டுமாயின், அக்காவுக்காக நான் சொல்கிறேன்: அம்மா, அந்தக் குஞ்சுகள் உங்கள் கவனக்குறைவால் சாகவில்லை.

தம்பி