பின்சீட்டில் மாட்டிய மச்சான்கள்

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் டாக்ஸிக்காரரைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘நாலு கதவு’ என்றால்தான் தெரியும். சவாரி ஏறியவர்கள் உட்கார்ந்ததும், “நாலு கதவும் நல்லா சாத்தியிருக்கா?” என்று கேட்பது அவர் வழக்கம். ஒற்றை ஆள் ஏறினாலும் நாலையும் விசாரிப்பார்.

அவருடைய டாக்ஸி அந்தக் காலத்துப் பெட்டி வண்டி. கியர், ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் கம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் மூன்று பேர் காலை நீட்டி உட்காரலாம், நாலு பேர் மடக்கி உட்காரலாம், சொந்தக்காரர்கள் என்றால் கணக்கே கிடையாது. அதுதான் தொல்லை. சிவப்பு விளக்கில் வண்டி நின்றால்கூட யாராவது ஒரு மச்சான் பின்கதவைத் திறந்து ஏறிவிடுவார். “சும்மா அந்த முனை வரைக்கும்தான் மச்சான்” என்பார். அந்த முனை ஊருக்கு அடுத்த பக்கம் இருக்கும்.

மாமியார் ஏறினால் முன்சீட்டு அவருக்கு. வேறு யார் ஏறினாலும் முன்சீட்டு அவர்களுக்கு. கட்டிய மனைவிக்கு எப்போதும் பின்னால், பைகளுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில்தான் இடம். கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மாள் வண்டியில் பார்த்ததெல்லாம் புருஷனின் பிடரியைத்தான்.

முழங்கால் வலி வந்து தொழிலை விட்டதும் மனிதர் ஒரு காரியம் செய்தார். டாக்ஸியை விற்றுவிட்டு, அதே வயதுள்ள இன்னொரு பழைய வண்டியை ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினார். கரும்பச்சை உடம்பு, வெண்ணெய் நிறத்தில் கூரை. முகப்பிலிருந்து பின்பக்கம் வரை ஒரே வழுக்கலாக இறங்கும் கோடு. கதவுக் கண்ணாடிகளை இறக்கிவிட்டால் நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது, முன்பக்கம் முழுதும் காற்றுதான். மாடியிலிருந்து பார்த்த நானே படியிறங்கி வந்துவிட்டேன்.

அவர் மனைவி வெளியே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“என்னங்க, மீதிக் கதவு ரெண்டும் எங்க?”

“இல்ல.”

“இல்லன்னா? கழட்டிட்டானா?”

“ரெண்டே கதவுதான். அழகு பாரும்மா.”

“அழகு இருக்கட்டும். பின்னாடி எப்படி ஏறுறது?”

“ஏற முடியாது” என்றார் அவர். ஆயுள் தண்டனை முடிந்து வெளியே வந்தவர் முகத்தில் இருக்கும் மலர்ச்சி அவர் முகத்தில் இருந்தது.

உண்மையில் ஏறலாம். இடப்பக்க முன்சீட்டின் அடியில் ஒரு பிடி உண்டு. அதை இழுத்தால் சீட்டு முன்னால் சாயும், அந்தச் சந்தில் உடம்பை மடித்து நுழையலாம். டிரைவர் சீட்டு ஆடுகிறதென்று முன்பு வைத்திருந்தவர் அதைத் தரையோடு பற்றவைத்துவிட்டார். ஆக, பின்சீட்டுக்கு வழி அந்த ஒரு சந்துதான். அதை நம் ஆள் யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லவேண்டிய நாள் வந்தது. மாமியாருக்குக் கண் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவரப் போனார். மாமியாரின் இரண்டு மகன்களும் அங்கே இருந்தார்கள். ஒருவர் வராந்தாவின் அந்தக் கோடியில், மற்றவர் இந்தக் கோடியில். அண்ணன் தம்பிக்குள் சில வருஷமாகப் பேச்சில்லை. ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவே தம்பி, “அண்ணே, தலையில போட்ட மை காதுல வழியுது பாருங்க” என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் தலைக்கு மை போடுவது ஊருக்கே தெரியும், தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர் மட்டும்தான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. வாடகை வண்டி எதுவும் வருவதாக இல்லை. மாமியார் ஒற்றைக் கண்ணால் இருவரையும் முறைத்தார்.

“ரெண்டு பேரும் பின்னாடி ஏறுங்கடா.”

“அத்தை, அந்தச் சீட்டு சின்னது” என்று நம் ஆள் இழுத்தார்.

“ஏறட்டும் மாப்ளே. ஒரே வயித்துல கிடந்தவனுங்கதானே?”

இருவருமே வாட்டசாட்டமானவர்கள். தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்தார். அண்ணன் பின்பக்கத்தை முதலில் விட்டு, தலையைக் கடைசியில் இழுத்துக்கொண்டார். வழியெல்லாம் ஒருவர் தோள் மேல் மற்றவர் தோள் ஏறியிருந்தது, முகங்கள் மட்டும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம். அந்தப் பின்ஜன்னல்கள் திறக்காதவை.

மாமியார் வீட்டு வாசலில் வண்டி நின்றது. பஸ்ஸில் முன்னாலேயே வந்துவிட்ட அவர் மனைவி குடையோடு ஓடிவந்து அம்மாவை இறக்கிக்கொண்டார். நம் ஆள் குனிந்து சீட்டின் பிடியை இழுத்தார். பிடி கையோடு வந்துவிட்டது. சீட்டு அசையவில்லை.

“என்ன மச்சான்?” என்று உள்ளிருந்து அண்ணன்.

“ஒண்ணுமில்ல. கொஞ்சம் இருங்க.”

“எவ்வளவு நேரம்?”

நம் ஆள், வண்டி ரிப்பேர் பார்க்கும் டிங்கரைக் கூப்பிட மனைவியின் போனை வாங்க உள்ளே போனார். அண்ணனுக்குப் பொறுமை கிடையாது. சீட்டின் மேலாக ஏறிக் குதித்துவிடலாம் என்று கிளம்பினார். தலையும் ஒரு கையும் முன்னால் வந்தன. வயிறு வரவில்லை. கூரைக்கும் சீட்டுக்கும் நடுவே சொருகிக்கொண்டார்.

“தள்ளுடா!” என்றார். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் தம்பியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“எங்க தள்ளுறது? பிடிக்க இடமே இல்ல!”

“எங்கயாவது தள்ளித் தொலை!”

தம்பி தோளைக் கொடுத்துத் தள்ளினார். அண்ணன் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. மழையும் வேர்வையும் சேர்ந்து ஊறிய தலை, கூரையின் வெண்ணெய் நிற உள்துணியில் தேய்ந்ததில் அகலமாக ஒரு கறுப்புப் பட்டை விழுந்தது. தம்பி அதைப் பார்த்தார். வாயைப் பொத்தினார். வண்டி குலுங்க ஆரம்பித்தது.

“சிரிச்சே, கொன்னுடுவேன்.”

“இல்லண்ணே.”

“சிரிக்கிறடா நீ. எனக்கு முதுகுல ஆடுது.”

திரும்பி வந்த நம் ஆள் பதறிப்போய் மாமியாரிடம் ஓடினார். “அத்தை, வண்டிய வெட்டித்தான் எடுக்கணும் போல.”

“உள்ள பேசிக்கிறானுங்களா?” என்று கேட்டார் மாமியார்.

“திட்டிக்கிறாங்க.”

“அப்ப அவசரமில்ல. உக்காந்து டீ குடிங்க மாப்ளே.”

டிங்கர் வந்து, தரையில் படுத்து, சீட்டின் போல்ட்டுகளைக் கழற்றி, சீட்டையும் அண்ணனையும் ஒன்றாக வெளியே இழுத்தார். வெளியே வந்த சகோதரர்கள் கட்டிப்பிடித்துக்கொள்ளவெல்லாம் இல்லை. சேர்ந்து நின்று அரைமணி நேரம் மச்சானைத் திட்டினார்கள். ஒருவர் விட்ட வசவை மற்றவர் எடுத்துக் கொடுத்தார். “இதெல்லாம் ஒரு வண்டியா? எலிப்பொறி!” என்றார் தம்பி. “எலி கூட ஏறாதுடா” என்றார் அண்ணன். பிறகு இருவரும் சாப்பிட ஒரே பக்கம் போய் உட்கார்ந்தார்கள்.

செய்தி பரவியது. அதற்குப் பிறகு எந்தச் சொந்தமும் அந்த வண்டியின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் காலமெல்லாம் யாரையாவது ஏற்றிக்கொண்டே இருந்த மனிதர், இப்போது தனியாக ஓட்டும்போது பக்கத்துக் காலி சீட்டைப் பார்த்துப் பேச ஆரம்பித்திருந்தார். எதிரில் வந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். வண்டியும் சும்மா இருக்கவில்லை. நீளக் கதவின் கனம் தாங்காமல் கீல் தொங்கிப்போய், ஒவ்வொரு தடவையும் முழங்காலால் முட்டுக்கொடுத்துச் சாத்தவேண்டியிருந்தது. வலிக்கிற முழங்கால் அது. சந்தில் நிறுத்தினால் கதவு பாதிதான் திறக்கும், வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே வருவார். “நாலு கதவுன்னா குட்டிக் குட்டியா இருந்துருக்கும்” என்று என்னிடமே ஒருநாள் முனகினார். “வித்துடுங்களேன்” என்றேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

ஒரு சாயங்காலம் மனைவியை ஏறச் சொன்னார். அந்த அம்மாள் பழக்கதோஷத்தில் பின்பக்கம் போய்க் கதவைத் தேடினார்.

“முன்னாடி வாம்மா.”

“அம்மா வரலையா?”

“யாருமே வரல.”

அந்த அம்மாள் முன்சீட்டில் உட்கார்ந்தார். சீட்டைத் தடவிப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார். வண்டி பெரிய சாலைக்கு வந்ததும் இரண்டு கண்ணாடியையும் இறக்கிவிட்டார்கள். கொஞ்ச தூரம் அந்த அம்மாள் சாலையைப் பார்க்கவே இல்லை, புருஷனையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“என்ன?” என்றார் அவர்.

“வண்டி ஓட்டும்போது நாக்க இப்படி ஒரு பக்கமா நீட்டிப்பீங்களா?”

“யாரு, நானா?”

“இத்தன வருஷமா இப்படித்தானா?”

அவர் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். அடுத்த வளைவில் அது மறுபடியும் வெளியே வந்தது. அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் போன லாரிக்காரர் திரும்பிப் பார்த்தாராம்.

இப்போது தினமும் சாயங்காலம் இருவரும் கிளம்பிவிடுகிறார்கள். போகும்போதும் வரும்போதும் அந்த அம்மாளின் குரல் மாடி வரை கேட்கிறது: “பாத்துப் போங்க. அந்த சைக்கிளுக்கு வழி விடுங்க. இங்க உக்காந்தா எனக்கு எல்லாம் தெரியுது.”