தரகர் அக்கா வைத்த சோதனை

பல்கலைக்கழகத்தில் அவளைத் தரகர் அக்கா என்பார்கள். பேராசிரியர்கள் ஆய்வகத்தில் எதையாவது கண்டுபிடித்துக் கம்பெனி ஆரம்பித்தால், அதை நடத்த அனுபவசாலி ஒருவரைத் தேடிப் பிடித்துத் தருவது அவள் வேலை. பேராசிரியர்களுக்கோ விலை சொல்லவும் வராது, வேண்டாம் என்று சொல்லவும் வராது.

அவளுக்கென்று ஒரு சோதனை உண்டு. வருகிறவரை ஆய்வகத்தில் விட்டுவிட்டு ஓரமாக நிற்பாள். பேராசிரியரிடம் மட்டும் பல்லிளித்துவிட்டுப் போகிறவர் தேறமாட்டார். உதவியாளரிடம் நின்று நாலு கேள்வி கேட்கிறவர்தான் ஆள். பதினோரு பேரை இப்படித்தான் பிடித்தாள், ஒருவரும் சோடை போகவில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு நிறையவே இருந்தது.

பன்னிரண்டாவது, தண்ணீர் வடிகட்டும் சவ்வு செய்கிற கம்பெனி. சவ்வைக் கிழியாமல் வார்க்கும் பக்குவம் இருபது வருஷமாக அங்கேயே கிடந்த உதவியாளர் ஒருவருக்குத்தான் தெரியும். பேராசிரியர் வார்த்தால்கூடக் கிழியும். அந்தப் பக்குவத்தை உதவியாளர் லேசில் யாரிடமும் சொல்லமாட்டார்.

வந்தவர் பெரிய ஆலைகளை நடத்தியவர். நேராக உதவியாளரிடம் போனார்.

"எந்தச் சூட்டுல ஊத்துவீங்க? எடுக்கிற நேரம் எப்படித் தெரியும்?"

உதவியாளர் தயங்கி அவளைப் பார்த்தார்.

"சொல்லுங்க தம்பி, நம்ம ஆளுதான்" என்றாள்.

இரண்டு மணி நேரம் உதவியாளர் சொல்லச் சொல்ல, வந்தவர் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். அக்காவுக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கே பரிந்துரை எழுதிக் கொடுத்தாள். உதவியாளரும் பல்கலைக்கழக வேலையை விட்டுக் கம்பெனிக்கு மாறினார்.

நாலாம் மாதம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா கொதித்துப்போய், தான் பிடித்துக் கொடுத்த கம்பெனித் தலைவரிடம் ஓடினாள்.

"அவர் சொன்னதையெல்லாம் கையேடா போட்டாச்சு மேடம். இப்ப யார் வேணும்னாலும் வார்க்கலாம்" என்றார் அவர், நிதானமாக.

வாசலில் உதவியாளர் பையோடு நின்றார். "யார்கிட்டயும் மூச்சு விட்டதில்லக்கா. நீங்க சொன்னீங்கன்னுதான் சொன்னேன்."

திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை.

நல்ல தேர்வு என்று மேலிடம் அவளைப் பாராட்டியது. அடுத்த வாரமே பதின்மூன்றாவது கம்பெனிக்கு ஒருவர் வந்தார். பேராசிரியரைத் தாண்டிப் போய், உதவியாளர் அம்மாளிடம் கேட்டார்: "இத எப்படிம்மா செய்யறீங்க?"

அந்த அம்மாள் ஆசையாக வாயைத் திறந்தாள்.

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார். வாங்க, நாம போகலாம்" என்று அக்கா குறுக்கே விழுந்தாள்.

பதினெட்டு வருஷமாக அந்த வேலையைச் செய்கிற அம்மாள் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள். அதன் பிறகு அவள் தரகர் அக்காவிடம் பேசவே இல்லை.