சித்ரா டீச்சரின் தண்ணீர் மணி

இந்த நேரத்தில் நம் பள்ளி ஆசிரியர் குழுவில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு தாண்டிவிட்டது, பிள்ளை இப்போதுதான் தூங்கினான். போன் சத்தம் கேட்டு யாரும் பதற வேண்டாம். நம் சித்ரா டீச்சரைப் பற்றித்தான்.

செவ்வாய்க்கிழமை காலை, பிள்ளை நனைத்த துணிகளை எண்ணி எண்ணி வாளியில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் செய்தி வந்தது. நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். கையில் ஆறாவது துணி. அப்படி எண்ணச் சொன்னதே அவர்தான்.

போன சித்திரை வெயில், அப்போது பிள்ளைக்கு மூன்று மாதம். நாக்கு வறண்டுபோகுமோ என்று பயந்து சங்கில் தண்ணீர் ஊற்றிவிட்டு, புகட்டத் தைரியமில்லாமல் அவருக்குப் போன் செய்தேன்.

“ஏ பர்வீன், சங்கக் கீழ வைங்க. பால்லயே அம்புட்டுத் தண்ணியும் இருக்கு. கூடுதலா ஊத்துனா அவன் சின்னக் கிட்னிக்கு வெளிய தள்ளத் தெம்பு பத்தாது, ரத்தத்துல உப்பு கொறஞ்சிரும். கண்மாய்க் கெண்டையப் பாருங்க, செவுள் வழியா ஏறுற தண்ணிய வெளியேத்தவே அதுக்கு நேரம் சரியா இருக்கு, எங்க குடிக்க? ஒரு நாளைக்கு ஆறு துணி நனையுதா? அப்ப அவன் ராஜா. நீங்க இன்னைக்கு எம்புட்டுக் குடிச்சீக?”

ஒரு டம்ளர். நானும் விலங்கியல் பட்டதாரிதான். நெஃப்ரான் படம் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவள்!

எம். புதுப்பட்டியிலிருந்து நம் பள்ளிக்கு வரும் பெண்பிள்ளைகள் கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்காமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோவார்களே, நினைவிருக்கிறதா? அது அம்மாக்களின் பழக்கம். பட்டாசுக் கம்பெனி ரூமில் வேலைக்கு நடுவே எழுந்தால், கையில் ஒட்டிய வெடிமருந்தைக் கழுவி, போய்வந்து, மறுபடி உட்கார வேண்டும். அதனால் மத்தியானம் வரை குடிப்பதே இல்லை. நம் பள்ளிக் கழிவறையும் பூட்டியே கிடந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக விழுந்த பிறகுதான் டீச்சர் பெற்றோர் கூட்டத்தைக் கூட்டினார்.

சுவரில் இருந்த பல்லி எச்சத்தைக் காட்டினார். “நுனியில வெள்ளையா இருக்குல்ல, அதான் அதோட மூத்திரம். கழிவக் கட்டியாக்கித் தண்ணிய மிச்சம் பிடிச்சுக்கிடுது. நமக்கு அது ஏலாதுக்கா. கழிவக் கரைச்சு விடத் தண்ணி வேணும்.”

“எங்களையும் பல்லியாப் படைச்சிருந்தா கம்பெனிக்குத் தோதா இருந்திருக்கும் டீச்சர்!” என்றார் ஒரு அம்மா.

“பல்லியும் போகத்தான் செய்யுது. ஒங்க தலையில விழட்டும், அப்பச் சொல்வீக!”

கூட்டமே சிரித்தது. மறுநாளே கழிவறைச் சாவி அவர் கைப்பைக்கு வந்தது. பத்தரைக்கும் இரண்டரைக்கும் மணி அடித்துக் குடிக்கச் சொல்வார். பிறகு கழிவறைக்கு வெளியே நீலப் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, பேப்பர் திருத்தியபடி காவல் இருப்பார். பையன்கள் ‘கக்கூஸ் டீச்சர்’ என்று பட்டப்பெயர் வைத்தபோது, “காலேஜுல மூணு வருசம் படிச்சு ஒரு பட்டம் வாங்குனேன். இது சும்மாவே கெடச்சிருச்சு” என்றார்.

நேற்று சாயங்காலம் எட்டாம் வகுப்பு மாரீஸ்வரி போன் செய்தாள். “மிஸ், மணி அடிக்கவே இல்ல. சாவி ஆபீசுக்குப் போயிருச்சு. அம்மா மறுபடியும் குடிக்காதங்குது.”

அதைக் கேட்டபின் எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பிள்ளைக்கு ஆறு துணிக் கணக்கு இருக்கிறது, அந்தப் பிள்ளைகளுக்கு அந்த மணிதான். என் பிரசவ விடுப்பு முடிய இன்னும் மூன்று வாரம். வந்ததும் அந்த நீல நாற்காலி எனக்குத்தான், யாரும் போட்டிக்கு வராதீர்கள். ஆனால் அதுவரை சாவியை யார் வாங்கி வைப்பது, மணியை யார் அடிப்பது? காலை பத்தரைக்குள் யாராவது பதில் போடுங்கள்.