இடது ஓரத்து வளைவு

வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வார். மூச்சையும் கழற்றி வைத்துவிட்டு வா என்று சொல்லாத குறைதான். விரலை உதட்டில் வைத்து, "யாரும் நடக்காதீங்க, வரி எடுக்கறேன்" என்பார். கண்ணாடிப் பட்டறையின் அளவறைக்கு அவர்தான் ராஜா. கண்ணாடி தேய்ப்பவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் மூச்சடக்கி சார்.

தேய்த்து முடித்த வட்டக் கண்ணாடியை மேசைமேல் நிமிர்த்தி வைத்துச் சிவப்பு ஒளியைப் பாய்ச்சுவார். அதில் பட்டுத் திரும்பும் ஒளியும் மாதிரிக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் கலந்து, திரையில் கறுப்பும் சிவப்புமாகக் கோடுகள் விழும்; அவர் சொல்லும் 'வரி' அதுதான். கோடு நேராக இருந்தால் கண்ணாடி சமம். வளைந்தால் எங்கோ மேடு பள்ளம். ஒரு முடியை ஆயிரமாகக் கிழித்தால் வருகிற கனம் போதும், அவர் சீட்டில் 'தள்ளுபடி' விழுந்துவிடும்.

சட்டைப் பையில் நாலு பேனா, ஒன்றும் எழுதாது. சீட்டு எழுத, பொட்டலம் கட்டும் அக்காவிடம்தான் கை நீட்டுவார். அவளுடைய சொந்தத் தம்பி அங்கே கண்ணாடி தேய்ப்பதால் பட்டறைக்கே அவள் அக்கா. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. ஆனால் அவள் ஒட்டும் சீட்டில் ஒரு புள்ளி பிசகாது.

புதுக் கேமரா வந்த அன்று பெட்டியைப் பிரித்தவளும் அவள்தான். இதில் ஒவ்வொரு புள்ளியும் நாலாகப் பிரிந்திருக்கிறது, ஒரு அளவுக்கு வேண்டிய நாலு படத்தையும் ஒரே கண்சிமிட்டலில் எடுத்துவிடும், பக்கத்தில் ரயில் ஓடினாலும் கவலையில்லை என்று பொருத்த வந்தவன் விளக்கினான். மூச்சடக்கி சாரும் தலையாட்டித்தான் கேட்டார். மறுநாளே கதவில் 'நடக்கக் கூடாது' என்று அட்டை தொங்கியது. ரயிலுக்கு அசையாத கேமரா அக்காவின் வெறுங்காலுக்கு அசையுமாம்.

"நம்ம கண்ணு இருக்கே, அது கேமராவுக்கே கேமரா" என்பது அவர் பல்லவி. ஒரே ஒரு படம் எடுப்பார்; இரண்டாவது எடுப்பது கௌரவக் குறைச்சல். பதினொரு மணிக்கு ஒரு சொம்பு நிறையக் காபி வரும். இடது கைக்காரர் என்பதால் அது கண்ணாடிக்கு இடது பக்கம், மூடி திறந்தபடி, மதியம் வரை ஆவி விட்டுக்கொண்டிருக்கும்.

அந்த மாதம் தம்பியின் கண்ணாடி இரண்டு தள்ளுபடி. மூன்றாவது விழுந்தால் வேலை போய்விடும். அதுதான் அங்கே சட்டம். இரண்டு சீட்டிலும் 'இடது ஓரம் வளைவு'. தம்பியின் கை அக்காவுக்குத் தெரியாதா? அளந்த நேரமெல்லாம் குறித்து வைத்திருந்த தன் நோட்டைப் புரட்டினாள். யார் தேய்த்ததானாலும் இடது ஓரம் கெட்டதெல்லாம் பதினொன்றுக்கு மேல் அளந்தவை. காலையில் ஒன்றுகூட இல்லை.

மூன்றாவது கண்ணாடி பதினொன்றேகாலுக்கு மேசை ஏறியது. ஒரே படம்.

"போச்சு. இடது ஓரம். உன் தம்பி கையே கோணலா?"

"அரை வட்டம் திருப்பி வச்சுப் பாருங்க சார். கோணல் கண்ணாடியில இருந்தா வலது பக்கம் வரணும்ல."

இவள் வாயை அடைக்கத்தான் திருப்பினார். வளைவு நகராமல் அதே இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. அவர் திரையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். கேமராவுக்கே கேமராவான கண், ஒரு முழத் தூரத்தில் இருந்த சொம்பை மட்டும் பார்க்கவில்லை.

"நீ நடந்துட்டே" என்றார்.

"நான் நின்ன இடத்துலதான் சார் நிக்கிறேன். உங்க காபிச் சூடுதான் கண்ணாடி முன்னாடி நடமாடுது."

சொம்பை எடுத்துப்போய் வெளியே ஜன்னல் விளிம்பில் வைத்தாள். சூட்டில் அலைந்த காற்று அடங்கட்டும் என்று சற்றுப் பொறுத்து, இன்னொரு படம் எடுக்கச் சொன்னாள். கோடுகள் ஈரத்தலையில் சீப்பு ஓடியதுபோல் நேராக விழுந்தன. கட்டி வைத்திருந்த பழைய இரண்டையும் பிரித்துக் கொண்டுவந்தாள். அவையும் நேர்தான். மூன்று சீட்டிலும் அவர் 'சரி' என்று எழுதினார், அவள் பேனாவால்.

மேலாளரிடம், காற்றில் தனக்கு நெடுநாளாகவே ஒரு சந்தேகம் இருந்ததாகச் சொன்னாராம். மறுநாள் அட்டையில் இரண்டாவது வரி ஏறியது: 'சூடான பானம் கொண்டுவரக் கூடாது.' கீழே அவர் கையெழுத்து.

இப்போது பதினொரு மணிக்கு, ஜன்னலில் உடம்பு அறைக்குள்ளும் தலை வெளியிலுமாக நின்று காபி குடிக்கிறார். அக்கா பெட்டியோடு அந்தப் பக்கம் வந்தால், வாய் நிறையக் காபியோடு, விரலைத் தூக்கி உதட்டில் வைக்கிறார்.