காலி வண்டிகள்

ஆவடி ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில், பேக்கரி மாடியில் நடக்கும் கோச்சிங் சென்டரில் ரீசனிங் என்றால் ரிச்சர்ட் சார்தான். வங்கித் தேர்வு, ரயில்வே தேர்வு என்று வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்: "கூற்றுல இன்னா கீதோ அத்த மட்டும் பாரு. உன் சொந்தக் கற்பனைய உள்ள இட்டுகினு வராத." நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. பிளாட்பாரம் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. எல்லாம் அந்த விதி செய்த வேலை.

சில வருடங்களுக்கு முன் அங்கே இங்கிலீஷ் எடுத்தவள் ஸ்வீட்லின். திருநின்றவூரிலிருந்து மின்சார ரயிலில் வந்து போவாள். மாலை வகுப்பு முடிந்ததும் இருவரும் பேசிக்கொண்டே பிளாட்பாரத்துக்கு நடப்பார்கள். சாருக்கு வீடு பஸ்ஸில் போகிற தூரத்தில், முத்தாபுதுப்பேட்டையில். ரயிலில் அவருக்கு வேலையே இல்லை. வண்டி வரும். "கூட்டமா இருக்கு சார், அடுத்ததுல போறேன்" என்பாள். ஜன்னலோர சீட்டெல்லாம் காற்று வாங்கிக்கொண்டு போகும். பெண்ணுக்குக் கூட்டமென்றால் பயம் போலிருக்கிறது என்று முடிவுகட்டினார் மனுஷன். இவரை என்னவென்று சொல்வது!

ஒருநாள், "வீட்ல மாப்பிள்ளை பாக்குறாங்க சார்" என்றாள். அவருக்கும் அவளைப் பிடிக்கும்தான். ஆனால், அவள் தன்னை விரும்புவதாக அந்த வாக்கியத்தில் எங்கும் இல்லையே! "நல்ல விஷயம்தானே மேடம்" என்றார்.

சில மாதம் கழித்து, சர்ச்சில் ஞாயிறு பூசையின்போது பங்குச் சாமியார் கல்யாண ஓலை வாசித்தார். மாப்பிள்ளை இவருடைய பங்கைச் சேர்ந்தவன். பெண், திருநின்றவூர் ஸ்வீட்லின். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்றார் சாமியார், வழக்கம்போல. ரிச்சர்ட் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். தனக்கு அவளைப் பிடிக்கும் என்பது ஒரு தடையா? இல்லை என்று பதில் வந்தது. பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

மறுநாள் பிளாட்பாரத்தில் வாழ்த்துச் சொன்னார். அவள் தண்டவாளத்தைப் பார்த்தபடியே கேட்டாள்:

"காலி வண்டிய எல்லாம் கூட்டம் கூட்டம்னு விட்டேனே சார். அதுலேர்ந்து உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எத்தனை வண்டிகள், எத்தனை மாலைகள்! பாவி, கண்ணெதிரே வைத்துக்கொண்டு கோட்டைவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். வாயைத் திறப்பதற்குள் அடுத்த வண்டி வந்து நின்றது. வாசலில் ஆட்கள் தொங்கினார்கள். கால் வைக்க இடமில்லை.

"அடுத்ததுல போலாமே மேடம்" என்று கெஞ்சினார் ரிச்சர்ட்.

"இல்ல சார், இதுல இடம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவள் இடித்துப் பிடித்து ஏறிக்கொண்டாள்.