திக்குவாய்க்காரனின் நேர்காணல்கள்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் திக்கும். ‘ப’வும் ‘க’வும் வந்துவிட்டால் உதடும் தொண்டையும் பூட்டிக்கொள்ளும். என் பெயரே ‘ப’வில்தான் தொடங்குகிறது. அதனால் மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியில் முன்பதிவு வேலை கிடைத்தபோது பிழைத்தேன் என்றிருந்தது. உள்ளறையில் உட்கார்ந்து, அறை கேட்டு வரும் மெயில்களுக்குப் பதில் எழுத வேண்டும். அவ்வளவுதான். வந்து இறங்குபவர்களோடு பேச வரவேற்பில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

சில வருடங்களில் விடுதி கை மாறியது. புது முதலாளி முன்பதிவை எல்லாம் ஒரு ஆப்பிடம் ஒப்படைத்தார். நான் செங்கல்பட்டில் வீட்டோடு உட்கார்ந்தேன்.

வேலை தேட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, இப்போதெல்லாம் முதல் நேர்காணலுக்கு மனிதர்களே வருவதில்லை என்று. ஒரு நிறுவனம் லிங்க் அனுப்பியது. போன் கேமராவைப் பார்த்துப் பேச வேண்டும், கேள்வி கேட்பது கம்ப்யூட்டர். மனைவி டிவியை அணைத்து, ஃபேனையும் நிறுத்தி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். இஸ்திரி போட்ட சட்டையும் கீழே லுங்கியுமாக உட்கார்ந்தேன்.

உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள் என்றது ஒரு பெண் குரல். பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்திருப்பது திரையில் எனக்கே தெரிந்தது. “நன்றி, உங்கள் பதில் பதிவாகிவிட்டது. அடுத்த கேள்வி” என்றது குரல். பேச்சு நின்றால் பதில் முடிந்துவிட்டது என்று அதற்குக் கணக்கு. எல்லாக் கேள்விக்கும் அதே கதி. குழந்தை மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் வருந்துகிறோம் என்று மெயில் வந்துவிட்டது.

மனிதர்களிடம் தோற்றபோது அவர்கள் முகத்தில் ஒரு பரிதாபமாவது தெரியும். என் வாக்கியத்தை அவர்களே முடித்து வைப்பார்கள். இதற்கு அதுவும் இல்லை. எது மேல் என்று அன்று என்னால் சொல்ல முடியவில்லை.

கேளம்பாக்கத்தில் இருக்கும் நண்பன்தான் அடுத்த வழி காட்டினான். நாவலூரில் வேலை பார்க்கிறான்.

“எங்க கம்பெனில சாட் சப்போர்ட்டுக்கு ஆள் எடுக்கறாங்க மச்சான். கஸ்டமருக்கு டைப் பண்ணிகினே இருக்கணும், அவ்ளோதான்.”

“இ... இன்டர்வியூ?”

“அதுவும் டைப்புதான்டா. மெசின் கேக்கும், நீ அடிச்சுகினே இரு. இன்னாத்துக்கு பேஜாரு?”

அந்த நேர்காணலில் ஒரு கேள்வி வந்தது: குழந்தைகளோடு வந்த குடும்பத்துக்கு அவர்கள் பதிவு செய்த அறை இல்லை, கோபமாக இருக்கிறார்கள், என்ன செய்வீர்கள்? எனக்குச் சிரிப்பு வந்தது. விடுதியில் இது அப்படியே நடந்திருக்கிறது. மழை நாளில் வந்த அந்தக் குடும்பத்துக்கு முதலில் சூடாகச் சாப்பாடு போடச் சொன்னதையும், பக்கத்து விடுதியில் அறை பிடித்துக் கொடுத்ததையும் எழுதினேன். பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டது. மறுபடி எழுதினேன். நடுநடுவே யோசித்தேன், அடித்ததை அழித்துத் திருத்தினேன். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நேர்காணலில் ஒரு கேள்விக்கு முழுப் பதிலை நானே முடித்தது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

கடைசியில், நேரில் வரும்போது ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டது. வீல்சேர் போன்றவற்றுக்காக இருக்கும். ‘இல்லை’ என்று அடித்துவிட்டு அழித்தேன். ‘எனக்கு வாய் திக்கும். பேசக் கொஞ்சம் நேரம் தேவை’ என்று எழுதி, மனம் மாறுவதற்குள் அனுப்பிவிட்டேன்.

நேரில் வரச் சொன்னார்கள். திருப்போரூர் வழியாகப் பஸ் மாறி நாவலூர் போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண்ணாடி அறையில் நாற்பது வயதுக்குள் ஒரு பெண்மணி இருந்தார். அவரே என் பெயர் சொல்லி உட்காரச் சொல்லிவிட்டால் தேவலை என்று நினைத்தேன். அவரோ, “உங்க பேரு?” என்றார்.

உதடு ஒட்டிக்கொண்டது. அவர் கண்ணைத் திருப்பவில்லை, தலையாட்டி அவசரப்படுத்தவும் இல்லை.

“நீங்க எழுதினத எனக்கு அனுப்பியிருந்தாங்க. மெதுவாவே சொல்லுங்க சார், அடுத்த ஆளு சாப்பாட்டுக்கு அப்புறம்தான்.”

பெயர் வந்தது. சிதறித்தான் வந்தது, ஆனால் முழுசாக வந்தது.

“அந்த ஃபேமிலி, காலைல திட்டினாங்களா?”

நான் சொல்லத் தொடங்கினேன். மறுநாள் காலை அந்தக் குடும்பம் திரும்பி எங்கள் விடுதிக்கே நாஸ்தாவுக்கு வந்ததையும், அவர்களுடைய சின்னப் பெண் நேற்றுப் போட்ட ரசமே வேண்டும் என்று அடம் பிடித்ததையும் சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆனது. ரசத்துக்கு வந்தபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் திக்கியதற்கு அல்ல, கதைக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் என் தோள் இரண்டும் தானாகக் கீழே இறங்கின.

“திங்கக்கிழமை சேர முடியுமா?” என்றார்.

திரும்பும்போது திருப்போரூரில் மாறி ஏறிய பஸ்சில் கண்டக்டர், நான் ஊர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் “செங்கல்பட்டா?” என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். எப்போதும் சுருக்கென்று தைக்கும். அன்று தைக்கவில்லை. ஜன்னல் ஓரம் சாய்ந்து, ஊர் தாண்டியதும் தூங்கிப்போனேன்.