வட்டம் போட்ட காகிதம்

6 மார்ச் 1961 — 42
19 ஆகஸ்ட் 1963 — 45
10 ஜனவரி 1966 — 51
21 அக்டோபர் 1968 — 60
3 மே 1971 — இல்லை
26 ஜூலை 1971 — 72
18 பிப்ரவரி 1974 — 95
5 செப்டம்பர் 1977 — 130
23 மார்ச் 1981 — 185

ஒரே மனிதரின் கால்களுக்கு ஒரே கடையில் தைத்த ஒன்பது ஜோடி சூக்கள் இவை. கடையை விட்டுப் புறப்பட்ட நாளும் அவர் கொடுத்த விலையும் இருக்கின்றன. எல்லாம் திங்கட்கிழமைகள். வாரம் முழுக்கத் தைத்து, ஞாயிறு ஒரு நாள் கட்டையிலேயே கிடக்க விட்டு, திங்கள் காலை கழற்றிப் பார்சல் கட்டுவது அந்தக் கடையின் வழக்கம். ஐந்தாவது ஜோடிக்கு ஏன் விலை இல்லை என்பது அந்தக் கடைக்கார வீட்டு மகளின் கதை.

அவள் 1936இல் பிறந்தாள். வீட்டில் குட்டி என்று கூப்பிட்டார்கள். அறுபது வயதில் மூக்குக்கண்ணாடியும் மூட்டு வலியும் வந்த பிறகும் குட்டிதான். பதினான்கு வயதில் மேல்தோல் தைக்க உட்கார்ந்தாள். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து வாசலோடு நின்றுபோனது. இரண்டாவது முறை வந்தவர்கள் அவள் விரல் நுனிகளின் காய்ப்பைப் பார்த்துவிட்டு, பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கடை என்பது தெருவைப் பார்த்த ஓர் அறையும் அதன் பின்னால் நீளமான ஓர் அறையும். முன்னறையில் வாடிக்கையாளர் உட்கார ஒரு நாற்காலி, காலை வைக்க ஒரு பலகை. பின்னறையில் மூன்று இடங்கள். அப்பா தோல் வெட்டினார். ஜன்னலை ஒட்டி அண்ணன் உட்கார்ந்து, வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் காலுக்கும் தனித்தனியாக மரக்கட்டை செதுக்கினார். காலின் வடிவில் செதுக்கிய அந்தக் கட்டையின் மேல்தான் தோலை இழுத்துச் சூ ஆக்குவார்கள். மூலையில் குட்டி. வீட்டு வேலை முடித்துவிட்டு அடித்தோலில் பசை தடவ அண்ணி வருவார். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும் பெண்மணி.

கால் அளவு எடுப்பது இப்படி. காகிதத்தில் காலை வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றிக் கோடு போட வேண்டும். கோடு போட்டவர் முடித்ததும் காகிதத்தின் மூலையில் மையால் தன் குறியை இட வேண்டும். அப்பாவின் குறி வட்டம். அண்ணனுடையது பெருக்கல் குறி. இது அழகுக்கு இட்டதல்ல. அப்பா பென்சிலைச் சாய்த்துப் பிடிப்பார். கோடு பாதத்துக்கு அடியில் நுழைந்துவிடும். ஆகவே வட்டம் போட்ட காகிதம் என்றால் கட்டை செதுக்குபவர் சுற்றிலும் அரை நூல் கூட்ட வேண்டும். நூல் என்பது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு. அண்ணன் பென்சிலைச் செங்குத்தாகப் பிடிப்பார். பெருக்கல் குறி இருந்தால் கோடு எங்கேயோ கால் அங்கே. எதையும் கூட்டக் கூடாது. மூலையைப் பார்க்காமல் யாரும் மரத்தில் கை வைப்பதில்லை.

குட்டிக்குக் குறி இல்லை. அவள் யார் காலையும் அளந்ததில்லை.

ஒன்பது ஜோடி வாங்கியவர் ஒரு சர்வேயர். மலைப்பக்கம் நிலம் அளந்து திரிபவர். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை கடிதம் எழுதுவார். கட்டை கடையில் இருப்பதால் அதுவே போதும். 1970 கடைசியில் ஒரு பாறை உருண்டு, அவருடைய வலது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் காலுக்குப் பழைய கட்டை உதவாது. 1971 பிப்ரவரி 16 அன்று அவரே நேரில் வந்தார். அண்ணன் மரம் வாங்கப் போயிருந்தார்.

அப்போது அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. அது குட்டிக்கு மட்டும் தெரியும். நான்கு மாதமாக அவருக்கு ஊசியில் இழை கோத்துக் கொடுத்தவள் அவள்தான். தோலைத் தடவிப் பார்த்தே வெட்டினார். அண்ணனிடம் மூச்சு விடக் கூடாது என்று சொல்லியிருந்தார். கண் போனது தெரிந்தால் கத்தியை வாங்கிவைத்துவிட்டு, முன்னறை நாற்காலியைத் துடைக்க விடுவார்கள் என்பது அவர் பயம்.

பழைய வாடிக்கையாளருக்கு அவர்தான் கோடு போடுவார். குனிந்து உட்கார்ந்து பென்சிலை வைத்தார். பென்சில் சர்வேயரின் காலுறை மேல் ஏறியது. சர்வேயர் தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தான் நிலத்தை அளக்கிற ஆள், இந்தக் கடையோ தான் நிலத்தில் படுகிற இடத்தை அளக்கிறது என்று ஏதோ வேடிக்கையாகப் பேசினார்.

"பேப்பர் நகருது குட்டி. வந்து புடிச்சுக்கோ" என்றார் அப்பா.

குட்டி வந்தாள். காகிதத்தை ஒரு கையால் அழுத்தி, மறு கையால் பென்சிலை வாங்கினாள். குதிகாலில் தொடங்கிக் குதிகாலிலேயே கோட்டைக் கொண்டுவந்து முடித்தாள். தோலில் அச்சு வரைகிற பழக்கம். பென்சில் நேராகவே நின்றது. அப்பா மைப்பேனாவை வாங்கி, விரலால் மூலையைத் தேடி, வட்டம் போட்டார்.

அவள் அதைப் பார்த்தாள். வட்டம் என்றால் அண்ணன் கூட்டுவார் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. செதுக்கும்போது மெல்ல அவர் காதில் போட்டுவிடலாம் என்று நினைத்தாள். போட்டால், நீ எதற்குப் பென்சில் பிடித்தாய் என்று கேட்பார். ஏப்ரலில் கட்டை தயாராகும்வரை தினமும் வாய்வரை வந்ததை மென்று விழுங்கினாள். மே 3இல் பார்சல் போனது.

மே 20 அன்று அது திரும்பி வந்தது. கூடவே சர்வேயரின் கடிதம். கையெழுத்து கோணலாக இருந்தது. சரிவில் இறங்கும்போது வலது குதி சூவுக்குள் எழும்பி, தான் விழுந்து, மணிக்கட்டு முறிந்துவிட்டதாக இடது கையால் எழுதியிருந்தார். வேறு குறை எதுவும் சொல்லவில்லை.

அப்பா சூவுக்குள் கையை விட்டுப் பார்த்தார். கட்டை பெரிது என்றார். வட்டம் போட்ட காகிதம், அரை நூல் கூட்டினேன் என்றார் அண்ணன். காகிதத்தையும் கட்டையையும் கொண்டுவந்து அளந்து காட்டினார். அரை நூல்தான் கூட்டியிருந்தார், எள்ளளவும் அதிகமில்லை. குட்டி குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

"முப்பது வருசமா என் கோட்டுக்கு அரை நூல் சரியா இருந்துச்சு. இப்ப மட்டும் பெருசாகுமா?" என்றார் அப்பா.

ஊரில் கட்டை செதுக்குவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற பேரை அண்ணன் ஒருநாளும் வாய் விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பேரில்தான் நிமிர்ந்து நடந்தார். அப்பா அவர் கையிலிருந்து அரத்தை வாங்கி ஆணியில் மாட்டினார். அடித்தோல் தைக்க உட்காரச் சொன்னார். கட்டையை வெளியிலிருந்து விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

ஐந்து வாரம் அண்ணன் அடித்தோல் தைத்தார். வீட்டில் பேச்சு பாதியாகக் குறைந்தது. அந்தப் பாதியும் அண்ணியுடையது. வேறு ஊரில் ஒரு சூத் தொழிற்சாலை இருந்தது. அங்கே இயந்திரம் கடைந்து தள்ளும் கட்டைகளைக் கையால் இழைத்துச் சரிசெய்ய ஆள் எடுத்தார்கள். அண்ணன் எழுதிப் போட்டார். உடனே வரச் சொன்னார்கள்.

"இங்க மொகத்தைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கறதுக்கு, அங்க போய் மிஷினுக்கு முதுகு தேய்க்கலாம். மிஷின் நம்மளைக் குத்தமாவது சொல்லாது" என்று அண்ணி பாத்திரங்களைக் கட்டினார்.

ஜூன் 28, திங்கட்கிழமை, அவர்கள் புறப்பட்டார்கள். வண்டியில் ஏறும்போது அண்ணன் குட்டியிடம், ஜன்னல் பக்க மேசையில் தைத்தால் வெளிச்சம் நன்றாக இருக்கும், அங்கே மாறிக்கொள் என்று சொன்னார். அவ்வளவுதான். அவள் தலையாட்டினாள்.

அவள் அந்த மேசைக்கு மாறவில்லை. நான்கு நாள் அது காலியாகவே கிடந்தது. ஐந்தாவது நாள், ஜூலை 2 காலை, அப்பா இழைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தபோது எதிரில் போய் நின்றாள்.

"அப்பா, அந்தப் பேப்பர்ல இருக்கற வட்டம் யாரோடது?"

"என்னோடது."

"பென்சில் யார் கையில இருந்துச்சு?"

அப்பா மெழுகு தேய்ப்பதை நிறுத்தவில்லை. "உன்னைப் பேப்பரைத்தானே புடிக்கச் சொன்னேன்."

"பேப்பரைப் புடிச்சா கோடு வராதுப்பா."

அப்பா இழையைச் சுருட்டிக் கீழே வைத்தார். பிறகு அவர் அந்தக் காகிதத்தைக் கொண்டுவரச் சொன்னார். மடியில் வைத்துக்கொண்டு, வட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அவள் அவர் விரலைப் பிடித்து அங்கே வைத்தாள்.

"அழிச்சுடு."

"மைப்பா. அழியாது."

"அப்ப அதை அடிச்சுட்டு உன் குறியைப் போடு."

"எனக்கு ஏது குறி?"

"ஒண்ணு வெச்சுக்கோ. இத்தனை வருசமா வெச்சுக்காதது உன் தப்பு."

தப்பு என்ற சொல்லை அவர் அந்த விஷயத்தில் பயன்படுத்தியது அந்த ஒரு முறைதான். குட்டி வட்டத்தின் குறுக்கே கோடு கிழித்து, பக்கத்தில் நேராக நிற்கும் ஒரு சிறு கோட்டை இட்டாள்.

காகிதத்தை என்ன செய்வது என்பதில் அப்பா தயங்கவில்லை. காலளவுக்கு மரத்துண்டு ஒன்று எடுத்து, காகிதத்தோடு சேர்த்துக் கட்டி மகனுக்கு அனுப்பச் சொன்னார். கடிதம் எழுதட்டுமா என்று குட்டி கேட்டதற்கு, காகிதமே சொல்லும், அவனுக்குப் படிக்கத் தெரியும் என்றார்.

ஜூலை 16 அன்று கட்டை செதுக்கி வந்தது. கூட இருந்த துண்டுச் சீட்டில் ஒரே சொல்: "கூட்டலை." காகிதம் திரும்பி வரவில்லை.

பத்து நாளில் சூ தைத்து அனுப்பினார்கள். குதி எழும்பவில்லை என்று சர்வேயர் வலது கையால் எழுதினார். தவறான ஜோடிக்கும் விலை தர முன்வந்தார். அப்பா வாங்கவில்லை.

திரும்பி வரச் சொல்லி எழுது என்று அப்பா ஆகஸ்டில் சொன்னார். குட்டி எழுதினாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று என்று அண்ணன் பிடி கொடுக்காமல் பதில் எழுதினார். அடியில் அண்ணி, இங்கே குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வருகிறது என்று சேர்த்திருந்தார். அவர்கள் வரவில்லை. ஆனால் கடைக்கு வேண்டிய கட்டைகளை, தொழிற்சாலை வேலை முடிந்த நேரத்தில், அண்ணனே செதுக்கி அனுப்பினார். இங்கிருந்து காகிதம் போகும். அங்கிருந்து கட்டை வரும். கூடவே ஒரு கடிதம். மரத்தில் ஈரம், பெரியவளுக்குப் பரீட்சை, மழை, அண்ணிக்கு முதுகு வலி. இருபத்தைந்து வருடத்தில் நூற்று அறுபத்து மூன்று கடிதங்கள். பென்சில் கை மாறிய அந்தப் பிப்ரவரி 16 பற்றி அவற்றில் ஒரு வரியும் இல்லை. அவளும் எழுதவில்லை. எழுதத் தொடங்கி நிறுத்திய தாள்கள் நான்கு, அந்தக் கடிதங்களோடு கிடந்தன.

அப்பாவுக்கு அந்த வருடமே கண் அறுவை நடந்தது. தடித்த கண்ணாடியோடு மேலும் எட்டு வருடம் தோல் வெட்டினார். காலளவு மட்டும் பிறகு எடுக்கவில்லை. வருகிறவர்களிடம், என் பொண்ணு போடுவா, நல்லா போடுவா என்பார். 1979இல் அவர் இறந்தபோது அண்ணன் வந்து இரண்டு நாள் இருந்தார். ஜன்னல் பக்க மேசையில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஆணியில் தொங்கிய அரத்தைப் பார்த்தார், எடுக்கவில்லை. குட்டி பேச வாய் எடுக்கும்போதெல்லாம் யாராவது துக்கம் விசாரிக்க வந்தார்கள்.

அதன் பிறகு இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு அவள் கடையை நடத்தினாள். தலைக்கு மேல் வேலை இருந்தது. 1996 ஜூலையில், கை நடுங்குகிறது, இனிமேல் செதுக்க முடியாது என்று அண்ணன் எழுதினார். அவள் வேறொரு தச்சரைப் பிடித்தாள். அவருக்கு மூலையில் உள்ள குறியைப் பார்க்கக் கற்றுக்கொடுக்க மூன்று மாதம் ஆயிற்று.

பிறகு ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே இரண்டு காகிதங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பாதம். கோடு நடுங்கி நடுங்கிப் போயிருந்தது. மூலையில் இருந்தது பெருக்கல் குறி இல்லை, வட்டம். அடியில் எழுதியிருந்தார்:

"குட்டி, இது என் கால். குனிஞ்சு நானே வரைஞ்சது, அப்பா மாதிரி பென்சில் சாஞ்சு போச்சு. மறக்காம கூட்டிக்கோ. ஊரை விட்டு வந்ததுல இருந்து மிஷின் சூவைத்தான் போட்டிருக்கேன். ஒரு ஜோடி நம்ம கடையில தைச்சு அனுப்பு. அந்தப் பழைய பேப்பர் என் பெட்டியில இருக்கு. உன் கோடு நல்ல கோடு."

இந்தக் கட்டையை அவள் தச்சரிடம் கொடுக்கவில்லை. ஆணியிலிருந்து அரத்தை எடுத்துத் துருவைத் துடைத்து, ஜன்னல் பக்க மேசையில் உட்கார்ந்து தானே செதுக்கினாள். இரண்டு மரத்துண்டுகள் வீணாயின. மூன்றாவதும் நான்காவதும் சரியாக வந்தன. சுற்றிலும் அரை நூல் கூட்டினாள்.

சூ 1997 பிப்ரவரி 3, திங்கட்கிழமை போனது. எட்டு மாதம் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தார் என்று, அவர் இறந்த பிறகு அவர் மகள் தொலைபேசியில் சொன்னாள். அதை யாரையும் துடைக்க விடவில்லையாம்.

அந்த நூற்று அறுபத்து மூன்றில், அண்ணன் தன் கையால் எழுதிய கடைசிக் கடிதம், வட்டம் போட்ட காகிதங்களோடு வந்ததுதான். வந்து சேர்ந்த நாள்: 14 நவம்பர் 1996.